காலையில் மட்டும் வரும் வயிற்று வலி: 7-ஆம் வகுப்புப் பையனை என்ன செய்வது?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான். ஆறாம் வகுப்பில் டவுனிலுள்ள பெரிய மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்கள். இப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி நாள்களில் எழுந்ததும் "வயிறு வலிக்கு" என்கிறான், ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. மார்க் இறங்கிவிட்டது. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான், இல்லையென்றால் அழுகிறான். அப்பாவுக்கு சவூதியில், தமாமில் வேலை. "இன்னொரு டியூஷன் போடு" என்கிறார் அவர். "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்கிறார் மாமியார். பேசாமல் பழைய பள்ளிக்கே மாற்றிவிடலாமா என்பது அம்மாவின் கடைசிக் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் நடிக்கவில்லை. இரண்டாவது டியூஷன் வேண்டாம், இப்போது போகிற டியூஷனே தேவையா என்று பார்க்க வேண்டும். பள்ளி மாற்றுவதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பல வருடம் பாடம் எடுத்து, அப்புறம் பள்ளி ஆலோசகராகவும் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளை தடுமாறினால் பெரியவர்களுக்குக் கை உடனே கூட்டல் கணக்குக்குத்தான் போகும். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், அபாகஸ், டானிக், நேர்ச்சை என்று ஒன்றன் மேல் ஒன்றாக வைப்போம். தாங்க முடியாமல் நிற்கிற பிள்ளைக்கு முதலில் எதைக் குறைக்கலாம் என்றுதான் யோசிக்க வேண்டும். யோகாவும் மூச்சுப் பயிற்சியும் அதற்கு அப்புறம்.

அதற்கும் முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். "டென்ஷன்தான்" என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டக் கூடாது. இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி, எடை குறைவது, அடிக்கடி வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் குத்துகிற வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை கொடுத்த அன்று அவன் லீவு போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தலைவலியும் கூட இருந்தால் கண்ணைச் சோதித்துவிடுங்கள். கிட்டப்பார்வை பல பிள்ளைகளுக்கு இந்த வயதில்தான் வெளியே தெரியும். போர்டு தெரியவில்லை என்று எழுந்து நின்று சொல்ல வெட்கப்பட்டு, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதி, "காப்பி அடிக்கிறான்" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி. பள்ளியில் அவன் பாத்ரூம் போகிறானா? சாயங்காலம் வந்ததும் அவன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருந்தால் காரணம் சோம்பல் இல்லை. நாற்றமடிக்கிற கழிப்பறை, அல்லது அங்கே நிற்கிற பெரிய பையன்கள், அல்லது நடுப் பீரியடில் விடமாட்டேன் என்கிற ஆசிரியர். போக வேண்டியிருக்குமே என்று பயந்து பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுவார்கள். மலத்தையும் அடக்குவார்கள். அப்புறம் மலச்சிக்கல், வயிற்று வலி, தலைவலி எல்லாம் வரிசையாக வரும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாள்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. மருந்துக் கடைக்குப் போகும் முன்னால் இந்த பாட்டிலைத்தான் பார்க்கச் சொல்வேன்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், "பாத்தியா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு" என்று பிள்ளையிடம் ஜெயித்த மாதிரிப் பேசாதீர்கள். வலி நிஜம். பயம் வந்தால் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, செரிமானத்துக்குப் போகிற ரத்தம் குறைகிறது, குடல் இறுகுகிறது. குடலுக்கும் மூளைக்கும் இடையே நேரடி நரம்புத் தொடர்பு உண்டு, அதனால் மனக்கலக்கம் வயிற்றில் போய் உட்காருவது குழந்தைகளிடம் சர்வ சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லாததைப் பொய்க்குச் சாட்சி என்று உங்கள் மாமியார் நினைக்கலாம். எனக்கு அது நேரெதிராகப் படுகிறது. பள்ளிக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவன் உடம்பே சொல்லிக்கொடுக்கிறது. "வலிக்குன்னு எனக்குத் தெரியும் மக்களே, பயம் வந்தா வயிறு இப்படித்தான் பிடிக்கும், ஆபத்து இல்ல" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதிப் பாரம் அதிலேயே இறங்கும்.

அடுத்து, பள்ளி என்று மொத்தமாகச் சொல்லாமல், பள்ளியில் எந்த நேரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: எந்தக் கிழமை வலி அதிகம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது விட்டது, அன்றைக்கு டைம்டேபிளில் என்ன பீரியட். ஒரு பையன் கதை சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவனுக்கும் காலை வலிதான். கணக்கு வாத்தியாருக்குப் பயப்படுகிறான் என்று வீட்டில் முடிவு கட்டி, கணக்குக்குத் தனி டியூஷனும் போட்டாயிற்று. வலி மட்டும் போகவில்லை. குறித்துப் பார்த்தபோது கணக்கு இல்லாத நாளிலும் வலி இருந்தது. மாமா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட நாள்களில் மட்டும் இல்லை. பிரச்சினை பள்ளிக்குள்ளேயே இல்லை, வேனில் இருந்தது. கடைசி சீட்டில் இரண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தினமும் இவன் டிபன் பாக்ஸைத் திறந்து, மீன் இருந்தால் எடுத்துக்கொண்டு, இல்லையென்றால் கேலி செய்திருக்கிறார்கள். டிரைவரிடம் சொல்லி முன் சீட்டுக்கு மாற்றியதும் அடுத்த வாரமே வலி குறைந்தது. அத்தனை மாதம் கட்டிய டியூஷன் ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

உங்கள் மகன் விஷயத்தில் வேனும் காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். "ஏன் போகமாட்டேங்க? என்ன பிரச்சினை? சொல்லு" என்று எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வராது. இந்த வயதுப் பையன்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பேசுவார்கள், கிழங்கு நறுக்குகிற நேரத்தில் பக்கத்தில் நின்று பேசுவார்கள், கரண்ட் போன இருட்டில் பேசுவார்கள். கேள்வியும் சுற்றி வர வேண்டும். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் யாரு கூட இருந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிட்டேன் என்றோ, ஒரு வாரத்தில் மூன்று வேறு பெயர்களையோ சொன்னால் அவனுக்கு அங்கே இன்னும் கூட்டு அமையவில்லை என்று அர்த்தம். ஏழாம் வகுப்பில் அது கணக்குப் பரீட்சையை விடப் பெரிய துன்பம்.

அவன் எதைத் தாண்டி வந்திருக்கிறான் என்றும் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரே டீச்சர். அவனுக்கு எது வரும், எது வராது, தம்பிக்குக் காய்ச்சல் என்பது வரை அந்த டீச்சருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர், யாருக்கும் முழுப் பையனைத் தெரியாது. ஒவ்வொருவரும் தன் பாடம்தான் உலகம் என்று வீட்டுப்பாடம் கொடுப்பார். உடம்பும் அதே சமயத்தில் மாறுகிறது. பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். ஆகவே ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் இருப்பான், இன்னும் குழந்தை மாதிரி இருப்பவனும் இருப்பான். இரண்டு பேருக்கும் வெட்கம். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளை மலையாளம் கலந்த பேச்சோடு நாகர்கோவில் பள்ளிக்குப் போனால் பேச்சை வைத்தே கேலி செய்வார்கள். வளைகுடாவில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் தமிழ் எழுத்தில் தடுமாறி, கடைசி பெஞ்சில் ஒளிவதையும் பார்க்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு மாற்றம் உண்டு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும், ஆறாம் வகுப்பில் அதே பிள்ளை வெறும் வயிற்றோடு போய் உட்காரலாம்.

உங்கள் மகனுக்கு இதில் மொழி மாற்றமும் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். தமிழில் படித்தவன் திடீரென்று அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கிறான். அவனுக்கு விடை தெரியும், கேள்விதான் புரியவில்லை. புரியாததை மனப்பாடம் செய்கிறான், மனப்பாடம் மறக்கிறது, மார்க் இறங்குகிறது, "மண்டையில ஏற மாட்டேங்குது" என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறான். இதற்கு டியூஷன் தேவையில்லை. 2011-இல் சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே மாநிலப் பாடத்திட்டம்தான். தமிழ் வழிப் புத்தகத்திலும் ஆங்கில வழிப் புத்தகத்திலும் பாடத்துக்குப் பாடம் அதே விஷயம் இருக்கும். தமிழ் வழிப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பழைய புத்தகம் வாங்கலாம். நாளைக்கு நடத்தப்போகிற அறிவியல் பாடத்தை முந்தின நாள் தமிழில் ஒரு தடவை கதை மாதிரி வாசிக்கட்டும். அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் டீச்சர் ஆங்கிலத்தில் சொல்லும்போது அவனுக்கு அது பழகிய முகமாக இருக்கும். சில மெட்ரிக் பள்ளிகள் தனியார் புத்தகமும் சேர்த்து வைக்கும், அதில் இந்த வழி பாதிதான் உதவும். ஆனாலும் செய்யுங்கள். கணக்கில் மட்டும், எந்த இடத்தில் சறுக்கினான் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்பு முழுக்களில் திணறுகிறவனுக்குப் பெரும்பாலும் குறை எண்ணைக் கழிப்பதில்தான் சிக்கல் இருக்கும். அதை ஒரு வாரம் பொறுமையாகச் சரிசெய்தால் போதும்.

இப்போது நேரக் கணக்கு. மார்த்தாண்டம் சுற்று வட்டாரத்தில் வேன் ஒவ்வொரு முக்காகச் சுற்றி வரும். ஏழு, ஏழரைக்கு ஏறினால்தான் ஒன்பது மணிப் பள்ளி. சாயங்காலம் வீடு வரும்போது ஐந்து. ஐந்தரைக்கு டியூஷன், எட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடிக்கப் பத்தரை. காலையில் ஐந்தரைக்கு எழுப்பினால் தூக்கம் ஏழு மணி நேரம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், 13-க்கு மேல் 8 முதல் 10. தினமும் இரண்டு மணி நேரம் தூக்கம் கடன் வைத்திருக்கிற பிள்ளை எரிந்து விழாமல் என்ன செய்யும்? பெரியவர்களே அப்படித்தானே. விளையாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

அதனால் டியூஷனை நிறுத்துங்கள். முழுதாக நிறுத்தப் பயமாக இருந்தால் வாரம் இரண்டு நாள் மட்டும், மிகவும் பலவீனமான ஒரு பாடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். ஐந்து முதல் ஆறரை வரை அவன் நேரம், சைக்கிள் மிதிக்கட்டும், பந்து அடிக்கட்டும். ஆறரை முதல் எட்டரை வரை படிப்பு, நடுவில் ஒரு இடைவேளை. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. போன் இரவில் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும், அவன் அறையில் வேண்டாம். வகுப்பு வாட்ஸாப் குரூப்பை ஒன்பது மணிக்கு மேல் நீங்களும் பார்க்காதீர்கள். மற்ற அம்மாக்கள் "ப்ராஜெக்ட் முடிச்சாச்சா" என்று கேட்கக் கேட்க உங்கள் குரல் ஏறும், அது நேரே அவனிடம் போய் விழும்.

ஆறாம் வகுப்பிலேயே நீட் ஃபவுண்டேஷன், ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி என் கருத்தை ஒளிக்கப் போவதில்லை. பன்னிரண்டு வயதில் அது தேவையே இல்லை. எட்டாம் வகுப்பு வரை மாநிலப் பள்ளிகளில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஏழாம் வகுப்பு மார்க்கைப் பின்னால் எந்தக் கல்லூரியும் கேட்காது. இந்தக் கட்டத்தில் ஒரு பரீட்சை முக்கியம் என்றால், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வைச் சொல்லலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். உங்கள் மகன் தனியார் பள்ளி, அவனுக்கு அதுவும் இல்லை. அவன் மார்க் ஷீட் எங்கே புரியவில்லை என்று காட்டுகிற ஒரு தாள், அதற்கு மேல் மதிப்பு அதற்கு இல்லை.

அப்பாவின் போனுக்கு வருவோம். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, வளைகுடா வீடுகளில் இதே காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் டியூட்டி முடிந்து, குளித்து, எட்டரைக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்று. பையனை எழுப்பி, அல்லது தூங்கவிடாமல் வைத்திருந்து, வீடியோ காலில் நிறுத்துவார்கள். "பேப்பர் தந்தாச்சா? கணக்குல எவ்வளவு? அவ்வளவுதானா? நான் இங்க வெயில்ல கெடந்து யாருக்காகக் கஷ்டப்படுறேன்? சரி, அம்மாட்ட குடு." இரண்டு நிமிடம் கூட இருக்காது. அவர் பாசத்தில்தான் கேட்கிறார். தூரத்தில் இருக்கிறவருக்குப் பிள்ளையைப் பற்றி அளந்து தெரிந்துகொள்ள மார்க் ஒன்றுதான் கையில் அகப்படுகிறது. ஆனால் பையன் காதில் விழுவது வேறு. தன் மார்க்கால்தான் அப்பா வெயிலில் நிற்கிறார் என்ற கணக்கை அவன் போட்டுக்கொள்கிறான், அதைத் தீர்க்க அவனால் முடியாது.

கணவரிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். வாரநாள் இரவில் உங்களோடு பேசட்டும், பையனோடு வேண்டாம். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. நம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்கு மூன்றரை, அந்த நேரத்தில் அரை மணி நேரம் மகனோடு மட்டும் பேசட்டும். மார்க்கைப் பற்றிப் பேச்சு எடுக்கவே கூடாது என்று முதல் மாதம் மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அவர் சின்ன வயதில் பள்ளியில் பயந்தது, அடி வாங்கியது, இப்போது கேம்பில் சமைக்கிற மீன் குழம்பு கருகிப் போனது, எதையாவது சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது, சங்கடமாக இருக்கும். பரவாயில்லை. தூத்தூர், சின்னத்துறை பக்கத்தில் அப்பா ஆழ்கடலுக்குப் போகிற வீடுகளில் வாரக்கணக்கில் குரலே கேட்காது. அங்கே பிள்ளையின் பயம் வேறு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் பல வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கிறது. காற்றடிக்கிற நாளில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நிற்கிற பிள்ளைக்கு டியூஷனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. போட் எப்போது கிளம்பியது, எப்போது திரும்பும் என்று தெரிந்ததை உண்மையாகச் சொன்னாலே கொஞ்சம் அடங்கும்.

மாமியாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு, கிட்டத்தட்ட 92 சதவீதம். அந்தப் பெருமை நியாயமானது. அதற்காகக் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் சர்ச் முற்றத்திலும் பிள்ளையைப் பார்த்ததும் "எத்தனாவது ரேங்க்?" என்று கேட்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் அவன் பதில் சொல்லும் முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்: "நல்லா சைக்கிள் ஓட்டுவான் சித்தி, அதைக் கேளுங்க." பாட்டி கண்ணு பட்டிருக்கும் என்று சுற்றிப் போட்டாலும், ஜெபத்துக்குக் கூட்டிப்போனாலும் தடுக்காதீர்கள். பிள்ளைக்கு அந்தக் கை தலையில் படுவது ஆறுதல். டாக்டருக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

காலையில் வலி என்று படுத்தால் என்ன செய்வது? காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் லீவு. இல்லையென்றால் பள்ளி. கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் இதில் மட்டும் இளகிவிடாதீர்கள். லீவு போட்ட அந்த நிமிடத்தில் வலி குறையும், உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும், அடுத்த நாள் பயம் இன்னும் பெரிதாக நிற்கும். ஒரு நாள் லீவு மூன்று நாளாவது இப்படித்தான். அதட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். "வலிக்கு, தெரியும். போயிட்டு வா, பத்து மணிக்குள்ள குறையும்" என்று சாதாரணக் குரலில் சொல்லி, ஒரு மட்டிப்பழமும் கொஞ்சம் புட்டுமாவது உள்ளே போக வையுங்கள். முழு நாளும் முடியவே முடியாது என்றால் டீச்சரிடம் பேசி முதல் வாரம் மத்தியானம் வரை, அடுத்த வாரம் முழு நாள் என்று படிப்படியாகப் போகலாம். வீட்டில் இருக்க நேர்ந்தால் டி.வி.யும் போனும் இல்லாத சப்பென்ற நாளாக இருக்கட்டும். நம்மூரில் இரண்டு பருவமழையும் பெய்யும், மழை லீவு வரும். அப்புறம் கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறைகள். ஒவ்வொரு லீவுக்கு அடுத்த நாளும் வலி மறுபடி தலை தூக்கும். அதைப் பார்த்து எல்லாம் வீணாயிற்று என்று நினைக்க வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி ஒன்று போதும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. வெளியே விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். இதை வலி வந்த பிறகு கற்றுக்கொடுக்க முடியாது. இரவில் படுக்கையில் அமைதியாக இருக்கும்போது ஐந்து நிமிடம் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள், காலையில் அவனுக்கே கைக்கு வரும்.

வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது ரிப்போர்ட் கார்டு வாங்குகிற நாளில் வரிசையில் நின்று பேசாதீர்கள், அன்று அவருக்கு நேரம் இருக்காது. முன்கூட்டியே கேட்டு, ஒரு சாயங்காலம் போங்கள். குறை சொல்லப் போகிற தோரணை வேண்டாம். நோட்டில் குறித்ததைக் காட்டி, மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: நட்பாக இருக்கிற ஒரு பையன் பக்கத்தில் இடம், கேட்கும்போது பாத்ரூம் போக அனுமதி, வகுப்பில் எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது. பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள். அடிப்பதாகவோ அவமானப்படுத்துவதாகவோ தெரியவந்தால் அது வேறு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. யாராவது தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் பள்ளியோடு பேசிச் சமாதானமாவதற்கு அதில் இடமே இல்லை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தாக வேண்டும்.

எப்போது மனநல மருத்துவரிடம் போவது? இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால். முன்பு பிடித்த விளையாட்டும் வேண்டாம் என்றால். பள்ளிக்குப் போவதே நின்றுபோனால். கையில் கீறிக்கொண்டால். "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்கிற மாதிரிப் பேச்சு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே. அப்படிப் பேசினால் "சாகணும்னு தோணுதா மக்களே?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு வழிதான் திறக்கும். அவனைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை, ரப்பர் பாலுக்கு வைத்திருக்கிற ஆசிட், எல்லாவற்றையும் பூட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு எந்நேரமும் பேச அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு. "பைத்தியத்துக்கு மருந்து" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்னாலும் பாதி 18 வயதுக்கு முன்னாலும் தொடங்கிவிடுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. தள்ளிப்போட்டுப் பார்க்கிற வயது இல்லை இது.

கடைசிக் கேள்வி, பழைய பள்ளிக்கு மாற்றலாமா? நடு வருடத்தில் வேண்டாம். இப்போது மாற்றினால் பயந்து ஓடி வந்தேன் என்ற எண்ணம் அவனுக்குள் தங்கும், அங்கேயும் அவன் கூட்டு கலைந்திருக்கும். மேலே சொன்னதில் டியூஷன், தூக்கம், அப்பாவின் போன், டீச்சர் இந்த நாலையும் முதலில் சரிசெய்து அரையாண்டுத் தேர்வு வரை பாருங்கள். கேலியோ அடியோ தொடர்ந்து, பள்ளி ஒன்றும் செய்யவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். மற்றபடி ஏப்ரலில் முடிவெடுங்கள். மறுபடி தமிழ் வழி போனால் கௌரவம் குறையும் என்ற கணக்கை அதில் சேர்க்காதீர்கள், நம் மாவட்டத்து அரசு, உதவிபெறும் பள்ளிகளில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பழைய பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிற நடுநிலைப் பள்ளி என்றால் ஒரே வருடத்தில் இன்னொரு மாற்றம் வரும், அதையும் யோசியுங்கள். இரண்டு பள்ளியையும் அவனையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அவனிடம் கேட்டபிறகு டி.சி.க்கு எழுதிக்கொடுங்கள்.